இரணைதீவுக் கடலில் விழுந்த விமானமும் தோளில் வைத்து ஏவும் ஏவுகணையும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் சற்று நேரத்திலேயே தொடர்பை இழந்தது. அன்ரனோவ் 24 ரக விமானம். 48 பயணிகளும் 7 பணியாளர்களுமாக அதில் 55 பேர் இருந்தார்கள். பயணிகள் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த தமிழ் மக்கள். தரைப்பாதை மூடிக் கிடந்த காலம் அது. கப்பலை விட்டால் விமானம்தான். அந்த விமானம் மன்னாருக்கு வடக்கே, இரணைதீவை அண்டிய கடலில் விழுந்தது. ஒருவரும் தப்பவில்லை.

அன்று நாம் இந்தக் கரையில் இல்லை. 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டுப் புத்தளத்துப் பக்கம் கிடுகுக் கொட்டில்களில் கிட்டத்தட்ட எட்டு வருடத்தைக் கழித்திருந்தோம். அதனாலோ என்னவோ, நம்மூர் வரலாற்றைப் பேசும்போது முத்துக்குளிப்பு வரும், அரிப்புக் கோட்டை வரும், வெளியேற்றம் வரும். இந்த 55 பேர் வரமாட்டார்கள். யாராவது எடுத்தாலும் "அது அவங்கட பிரச்சினை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். நம்மை விரட்டியவர்களின் ஆயுதத்தால் செத்தவர்கள் என்று நம்பப்படும் மக்களை நாமே மறந்துவிடுவது நியாயமாகப் படவில்லை.

அந்த ஆயுதம் என்ன? ஒரு ஆள் தோளில் வைத்து ஏவக்கூடிய விமான எதிர்ப்பு ஏவுகணை. சோவியத் நாடு செய்த ஸ்ட்ரெலா 2 ஐ எடுத்துக்கொண்டால் ஒன்றரை மீற்றர் நீளம், சுமார் 15 கிலோ பாரம். நம் மீனவர் ஒருவர் வலையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போகலாம். விமான இயந்திரத்தின் சூட்டைத் தேடிப் போய் அடிக்கும். மூன்று நான்கு கிலோமீற்றர் தூரம் எட்டும். மேலேறும்போதும் இறங்கும்போதும் விமானம் தாழப் பறக்கும் அல்லவா, அந்த நேரம்தான் ஆபத்து.

இலங்கையில் இது முதலில் பெரிதாகத் தெரியவந்தது 1995 இல். சமாதானப் பேச்சு முறிந்து சில நாட்களில், ஏப்ரல் 28 ஆம், 29 ஆம் திகதிகளில் பலாலிக்கு அருகே விமானப்படையின் இரண்டு அவ்ரோ விமானங்கள் அடுத்தடுத்து வீழ்த்தப்பட்டன. 90 பேருக்கு மேல் இறந்தார்கள். புலிகளிடம் இந்த ஏவுகணைகள் எப்படி வந்தன? கம்போடியா போன்ற, போர் ஓய்ந்த நாடுகளின் கள்ளச் சந்தையில் வாங்கிக் கப்பலில் ஏற்றியவை என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு அரசாங்கத்தின் களஞ்சியத்துக்கென்று செய்த பொருள் கை மாறிக் கை மாறி வன்னிக்கு வந்தது என்பதுதான் விஷயம்.

இதற்கு முன்மாதிரி ஆப்கானிஸ்தான். 1986 இல் இருந்து அமெரிக்கா முஜாஹிதீன்களுக்கு ஸ்டிங்கர் ஏவுகணைகளைக் கொடுத்தது. நம் பெரியவர்கள் பலருக்கு அது அன்று வீரக்கதையாகத் தெரிந்தது. சோவியத் படை போன பிறகு, கொடுத்ததைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்க அமெரிக்கா அலைந்தது. எல்லாம் கிடைக்கவில்லை.

லயன் எயார் விழுந்தபோது உலகம் பெரிதாக அசையவில்லை. இந்த ஏவுகணைகளின் ஏற்றுமதிக்கான முதல் பொது விதிகளை வாசெனார் ஏற்பாட்டு நாடுகள் 2000 ஆம் ஆண்டில் எழுதின. அவை மெலிந்த விதிகள். 2002 நவம்பர் 28 அன்று கென்யாவின் மொம்பாசாவில் இஸ்ரேலியப் பயணிகள் விமானம் ஒன்றை நோக்கி இரண்டு ஏவுகணைகள் ஏவப்பட்டன. இரண்டும் தவறின. அதே நாளில் அங்கு ஹோட்டல் ஒன்றில் குண்டு வெடித்து 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 10 பேர் ஏழைக் கென்யர்கள். அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. 2003 இல் ஜி8 நாடுகள் எவியன் மாநாட்டில் ஒரு செயல்திட்டத்தை ஏற்றன. அதே ஆண்டில் வாசெனார் விதிகள் இறுக்கப்பட்டன. அரசாங்கங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும். ஏவுகணையையும் அதை ஏவும் பிடியையும் வெவ்வேறு இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். மாதா மாதம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2004 டிசெம்பரில் ஐநா பொதுச்சபையும் இதுபற்றித் தீர்மானம் நிறைவேற்றியது.

தவறிப்போன இரண்டு ஏவுகணைகள் இத்தனை கூட்டங்களைக் கூட்டின. இலக்கைத் தாக்கிய நம் கடலின் ஏவுகணை ஒரு கூட்டத்தையும் கூட்டவில்லை. இதைச் சொல்லும்போது கசக்கத்தான் செய்கிறது. செத்தவர்கள் யார், எந்த நாட்டவர் என்பதை வைத்தே இராஜதந்திரம் விழித்துக்கொள்கிறது.

ஆனாலும் அந்த விழிப்பால் இலங்கைக்கும் பயன் கிடைத்தது. 2006 ஓகஸ்ட்டில் நியூயோர்க்கில் சிலர் கைதானார்கள். புலிகளுக்காக ரஷ்யத் தயாரிப்பான எஸ்ஏ 18 ரக ஏவுகணைகளையும் நூற்றுக்கணக்கான ஏகே 47 துப்பாக்கிகளையும் வாங்கப் பேரம் பேசியவர்கள். விற்பவர் என்று அவர்கள் நம்பியவர் எஃப்பிஐ அனுப்பிய ஆள். பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அடுத்த மாதமே குவாம் தீவிலும் இதுபோன்ற ஒரு வலையில் வேறு சிலர் சிக்கினார்கள். கள்ளச் சந்தையில் யார் வியாபாரி, யார் பொலிஸ் என்று தெரியாத நிலை வந்ததே பெரிய தடை. அதற்கு அடுத்த வருடம், 2007 செப்டெம்பரில், சிலாவத்துறையும் புலிகளின் கையை விட்டுப் போனது.

இந்த விதிகளை மீறினால் தண்டிக்க ஒரு நீதிமன்றமும் இல்லை. அவை அரசாங்கங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்த வாக்கு மட்டுமே. 2003 க்குப் பிறகு அமெரிக்கா பல நாடுகளோடு சேர்ந்து 30,000 க்கும் மேற்பட்ட ஏவுகணைகளை அழித்தது உண்மை. 2011 இல் லிபியாவில் ஆட்சி கவிழ்ந்தபோது, கடாபி வாங்கிக் குவித்திருந்த சுமார் 20,000 ஏவுகணைகளின் களஞ்சியங்கள் திறந்து கிடந்ததும் உண்மை. இந்தியா 2017 டிசெம்பரில் வாசெனாரில் சேர்ந்தது. இலங்கை அதில் உறுப்பினர் இல்லை. இத்தனை பட்ட நாடு இப்படியான மேசைகளில் ஒரு கதிரை கேட்டிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

லயன் எயாரின் சிதைவுகளைக் கடற்படை 2012 ஒக்டோபரில் கண்டுபிடித்தது. கைதான முன்னாள் போராளி ஒருவர் கொடுத்த தகவலை வைத்தே தேடியதாகச் செய்திகள் சொன்னன. 14 வருடம் அந்தக் குடும்பங்கள், எங்காவது உயிரோடு இருப்பார்களோ என்று காத்திருந்தன. கடலடியில் இருந்து எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் பின்னர் யாழ்ப்பாணத்தில் உறவினர்கள் அடையாளம் காட்டுவதற்காகப் பரப்பி வைத்தார்கள். புதைக்கவோ எரிக்கவோ ஒரு உடலும் இல்லாத வீடுகளில் சிலர் ஒரு சட்டையைப் பார்த்துத்தான் அழுதார்கள்.