எஞ்சினின் மூச்சும் உறைபனியும்

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எங்கோ பிழை செய்துவிட்டேன் என்றே எண்ணினேன். இரசாயனம் பயிலும் மாணவர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடித் தண்ணீராகிறது. 114 கிராம் ஆக்டேன் எரிந்தால் 162 கிராம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து பிறக்கும் தண்ணீரோ ஒரு கிலோவைத் தொட்டுவிடுகிறது. வெப்பமான நம் நாட்டில் அது ஆவியாகவே போய்விடுவதால், மோட்டார் வண்டி வழிநெடுகத் தண்ணீர் கொட்டிக்கொண்டு போகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை.

இத்தண்ணீரில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. மிகச் சிறிய பகுதி ஒன்று மட்டும் வழிதவறி எஞ்சினுக்குள்ளேயே இறங்குகிறது. நான் இன்று சொல்லவந்த வரலாறு அந்தச் சிறு பகுதியைப் பற்றியது.

சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றி உலோக வளையங்கள் உண்டு. அவை எவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியிருந்தாலும், வெடிப்பின் வேகத்தில் சிறிது வாயு அவற்றைக் கடந்து கீழே கசிந்தே தீரும். கீழே இருப்பது கிராங்க் பெட்டி. கிராங்க் தண்டு சுழல்வதும், எண்ணெய் தங்கியிருப்பதும் அங்கேதான். கசிந்து வரும் வாயுவில் நீராவியும், எரியாத பெட்ரோல் ஆவியும், அமிலப் பொருள்களும் கலந்திருக்கும். அதை வெளியேற்றாவிட்டால் எண்ணெய் கெட்டுச் சேறாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பெட்டிக்குள் அழுத்தம் ஏற ஏற, தண்டு வெளியே தலைநீட்டும் இடத்தில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீல் பிதுங்கிவிடும். எண்ணெய் முழுவதும் வெளியே போய்விட்டால் அந்த எஞ்சினுக்குச் சில நிமிஷங்களே ஆயுள்.

ஆகவே எஞ்சின் மூச்சு விட வேண்டும். தொடக்க காலத்தார் அதற்குச் செய்த ஏற்பாடு மிக எளியது. கிராங்க் பெட்டியிலிருந்து ஒரு குழாயை வண்டியின் அடிப்பக்கமாக இறக்கி, வாயைத் திறந்தே விட்டுவிட்டார்கள். வண்டி ஓடும்போது அடியில் விரையும் காற்று, குழாயிலுள்ள வாயுவைத் தன்னோடு இழுத்துச் செல்லும். வண்டி நின்றால் இழுப்பும் நின்றுவிடும். ஆயினும் 1960 வரையில் பெரும்பாலான கார்கள் இப்படித்தான் மூச்சு விட்டன.

இந்த எளிய குழாய்க்குக் குளிர்காலம் எவ்வளவு பெரிய பகை என்பதைக் கார் ஓட்டுபவர்களைவிட விமானம் ஓட்டுபவர்கள் நன்கு அறிவார்கள். பிஸ்டன் எஞ்சின் பூட்டிய சிறு விமானங்களிலும் இத்தகைய மூச்சுக்குழாய் உண்டு. அதன் நுனி விமானத்தின் அடியில், வெட்டவெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். நிலத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. அப்படியானால் தரையில் 30 டிகிரி இருக்கும் நாளிலும், ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் உறையும். கனடாவின் வடக்கிலும் அலாஸ்காவிலும் அவ்வளவு உயரம் ஏறவே வேண்டியதில்லை, தரையிலேயே உறைகுளிர். அப்பகுதிகளின் பழைய விமானிகள் மாலையில் எஞ்சின் எண்ணெயைத் தகரத்தில் வடித்தெடுத்து, இரவெல்லாம் அடுப்பருகே வைத்திருந்து, காலையில் சூடாக ஊற்றிப் புறப்படுவார்களாம். குழந்தைக்குப் பால் காய்ச்சுவதைப் போன்ற பரிவு!

அத்தனை பரிவுக்குப் பிறகும், மேலே பறக்கும்போது மூச்சுக்குழாயின் நுனியில் நீராவி படிந்து உறையத் தொடங்கும். முதலில் மெல்லிய வளையம். பிறகு அது தடித்து வாயையே அடைத்துவிடும். எஞ்சினோ ஓடிக்கொண்டே இருக்கிறது. வாயு போக வழியில்லை. அழுத்தம் ஏறி, விமானத்தின் மூக்கருகே, சுழலும் விசிறிக்குப் பின்னாலுள்ள சீல் பிடுங்கிக்கொள்ளும். எண்ணெய் பீறிட்டு முன்கண்ணாடி முழுவதும் படியும். எதிரே ஒன்றும் தெரியாமல், எஞ்சின் எப்போது இறுகி நிற்குமோ என்று தெரியாமல், கீழே பனிக்காட்டைத் தவிர வேறெதுவும் இல்லாமல் விமானி தவிக்க வேண்டியதுதான். விரற்கடை நீளமுள்ள பனிக்கட்டியின் வேலை இது.

இதற்குக் கண்ட மாற்று என்னை மிகவும் கவர்ந்தது. குழாயின் நுனிக்கு வெகு முன்பாகவே, எஞ்சினை மூடியிருக்கும் தகட்டுக்கு உட்புறத்தில், அதாவது சூடு தங்கும் இடத்தில், குழாயின் பக்கவாட்டில் ஒரு சிறு பிளவை வெட்டினார்கள். சீழ்க்கைக் குழலில் உள்ளதைப் போன்ற பிளவு அது. ஆங்கிலத்திலும் சீழ்க்கையின் பெயராலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். நுனி உறைந்துபோனால் வாயு அந்தப் பிளவு வழியே தப்பிவிடும். காசு செலவில்லை, அசையும் உறுப்பு எதுவும் இல்லை. இன்றும் குளிர்நாட்டு விமானிகள் புறப்படுமுன் அந்தப் பிளவு அழுக்கடையாமல் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் கார்களுக்கும் ஒரு பிளவு வெட்டிவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதும்தான். ஆனால் அதற்குள் கார்களின் வரலாறு வேறு திசையில் திரும்பிவிட்டது. திருப்பியது குளிர்நாடன்று, வெயில் காயும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம்.

1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நகரத்தின் மீது கண்ணைக் கரிக்கும் புகைமூட்டம் ஒன்று கவிந்தது. போர்க்காலமாதலால் பகைவர் நச்சுவாயு வீசிவிட்டனரோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். ஆண்டுதோறும் அது திரும்பத் திரும்ப வந்தது. அதன் மர்மத்தை அவிழ்த்தவர் ஆரி ஹாகன்ஸ்மித் என்னும் டச்சு நாட்டு உயிர்வேதியியலார். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்திற்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். மணத்தை ஆராய்ந்த அதே கைத்திறனைக் கொண்டு நகரத்துக் காற்றையும் ஆராய்ந்தார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதால் இந்தப் புகைமூட்டம் பிறக்கிறது என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். கார் வெளியிடும் எரியாத ஆவியில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம் புகைக்குழாயிலிருந்து அன்று, கிராங்க் பெட்டியின் அந்தத் திறந்த குழாயிலிருந்தே வருகிறது என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

எனவே குழாயை மூட வேண்டியதாயிற்று. வாயுவை வெளியே விடாமல், எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயோடு இணைத்து, மீண்டும் எரிய வைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டிய இராணுவ வண்டிகளில் நீர் புகாதிருக்க இப்படிச் செய்ததுண்டு. அக்காலத்து ஜீப்பிலும் இதற்கான வால்வு இருந்தது. 1961-ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவிலும், 1963-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதிலும் இவ்வேற்பாடு வந்தது. அதன் நடுநாயகமாக விளங்குவது பி.சி.வி. எனப்படும் சிறு வால்வு. உள்ளே ஒரு சிற்றுருளை, அதைத் தாங்கும் ஒரு சுருள்வில், அவ்வளவுதான். எஞ்சின் மெதுவாக ஓடும்போது உறிஞ்சல் பலமாக இருக்கும். அது உருளையை இழுத்து வழியைக் குறுக்கும். பளு ஏறும்போது உறிஞ்சல் தளர, வில் உருளையைத் தள்ளி வழியை அகலப்படுத்தும்.

வெயில் நகரத்தின் நோய்க்கு இது நல்ல மருந்து. குளிர்நாட்டில் மருந்தே நோயாயிற்று. காருக்கு வெளியே சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி குளிர். ஈரமான வாயு, குறுகிய வால்வின் வழியே வந்து, அந்தக் குளிர்காற்று நுழையும் குழாயோடு கலக்கிறது. கலக்கும் அந்த மூலையில் பனி கட்டாமல் வேறு என்ன செய்யும்? குழாய் தாழ்ந்து தொங்கும் இடங்களில் தண்ணீர் தேங்கி, இரவில் உறைந்துவிடுவதும் உண்டு. பழைய ஏற்பாட்டில் எண்ணெய் ஊற்றும் மூடியில் துளைகள் இருந்தன. வால்வு உறைந்தாலும் வாயு அவ்வழியே தப்பிற்று. தூய காற்றைக் காக்கும் பொருட்டு 1960-களின் இறுதிக்குள் அந்தத் துளைகளையும் மூடிவிட்டார்கள். விமானத்தில் உயிர் காக்கும் பிளவு, காரில் தடைசெய்யப்பட்ட பிளவாயிற்று. இதை யாருடைய குற்றமென்று சொல்வது? எவர் செய்ததும் தவறென்று எனக்குத் தோன்றவில்லை.

துளைக்கு வழியில்லாதபோது எஞ்சியிருப்பது சூடு ஒன்றே. வால்வின் பக்கமாக எஞ்சினின் வெந்நீரைச் சுற்றி வரச் செய்தார்கள். பிற்காலக் கார்கள் பலவற்றில் மின்கம்பிச் சுருள் ஒன்று அந்த மூலையைச் சூடாக்குகிறது. குழாய்களுக்கு நுரைப்பொருளால் உறை போடுகிறார்கள். வாயுவிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் அறையை வெளியே தொங்கவிடாமல், எஞ்சினின் சூடான தலைப்பகுதிக்குள்ளேயே அமைப்பதும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் தொல்லை ஒழிந்தபாடில்லை. டர்போ பூட்டிய இக்காலத்துச் சிறிய எஞ்சின்கள் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன, ஆகவே வீணாகும் சூடும் குறைவு, சூடேறவும் நேரமாகிறது. ஐந்து நிமிஷம் ஓட்டிக் கடைக்குப் போய், நிறுத்திவிட்டு, மீண்டும் ஐந்து நிமிஷம் ஓட்டி வீடு திரும்புபவரின் காரில்தான் தண்ணீர் மிகுதியாகச் சேர்கிறது.

கனடாவின் வின்னிபெக் போன்ற நகரங்களில் கார் நிறுத்துமிடங்களில் மின்செருகிகளை வைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் எஞ்சினை மின்சாரத்தால் வெதுவெதுப்பாக வைத்திருப்பதற்காக, காரின் முகப்பிலிருந்து வால் போல ஒரு கம்பி தொங்கும். அனுபவசாலிகள் அதோடு நிற்பதில்லை. எண்ணெய் மூடியைத் திருகித் திறந்து அடிப்புறத்தைப் பார்க்கிறார்கள். தயிராடை போல வெளிறிய பசை அங்கே படிந்திருந்தால், எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்பது பொருள். மூச்சுக்குழாயில் அடைப்பு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அன்று நகருக்கு வெளியே அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காரை ஓட்டிச் செல்கிறார்கள். எண்ணெய் நன்றாகக் கொதிப்பேறி, தேங்கிய நீரெல்லாம் ஆவியாகி வெளியேறிய பிறகே வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.