ஐந்நதி நாட்டின் விழாக்களும் நோன்புகளும்

தமிழர்கள் சித்திரை முதல் நாளைப் புத்தாண்டாகக் கொண்டாடும் வேளையில், பஞ்சாபியர்கள் வைசாகி விழாவை எடுப்பதை மலேசிய, சிங்கப்பூர் வாழ் மெய்யன்பர்கள் ஆண்டுதோறும் கண்டு வருகின்றனர். நாள் ஏறத்தாழ ஒன்றே. மாதத்தின் பெயர்தான் வேறு. தமிழருக்குச் சித்திரை பிறக்கும் அதே சங்கராந்தியில் பஞ்சாபியருக்கு ‘வைசாக்’ பிறக்கின்றது. தமிழரின் ஆடி அவர்களுக்குச் ‘சாவன்’, மார்கழி ‘போஹ்’, தை ‘மாக்’. பெயரளவில் ஒரு மாதம் முந்திச் செல்வது போலத் தோன்றினும், கதிரவன் நிற்கும் இராசி இரு சாராருக்கும் ஒன்றேயாகும்.

ஐந்து ஆறுகள் பாய்ந்து வளம் கொழிக்கச் செய்த அந்நாட்டில் தொன்றுதொட்டு வழங்கி வருவது விக்கிரம ஆண்டுக் கணக்காகும். அக்கணக்கில் கதிரவனும் திங்களும் ஒருங்கே ஆட்சி செய்கின்றன. கதிரவன் இராசி மாறும் நாள் ‘சங்கராந்த்’. அன்று கோயிலுக்குச் சென்று, பிறந்த மாதத்தின் பெயரைப் பெரியோர் வாயால் கேட்பது இந்துக்களும் சீக்கியர்களும் பொதுவாகப் போற்றிய வழக்கம். திங்கள் வழி மாதமோ பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி அடுத்த பௌர்ணமியில் முடியும். தேய்பிறை முதலில், வளர்பிறை பின்னர். முன்னதை ‘வதி’ என்றும் பின்னதைச் ‘சுதி’ என்றும் கூறுவர். ஆதலின் சேத் மாதத்தின் முற்பாதி பழைய ஆண்டிலும் பிற்பாதி புதிய ஆண்டிலும் அமைந்துவிடும். மாதத்தின் நடுவே ஆண்டு பிறக்கும் இப்புதுமையைக் கண்டு தென்னாட்டவர் வியப்புறுதல் இயல்பே. தீபாவளி, கண்ணன் பிறந்த அட்டமி, மகா சிவராத்திரி ஆகிய நாள்களுக்கு வடநாட்டாரும் தென்னாட்டாரும் வெவ்வேறு மாதப் பெயர் கூறுவதற்கும் காரணம் இத்தகைய கணக்கு வேறுபாடே அன்றி, விழா வேறுபாடு அன்று.

உழவுத் தொழிலோடு ஒட்டிய விழாக்கள் பெரும்பாலும் கதிரவனைச் சார்ந்தவை. போஹ் மாதத்தின் கடைசி இரவில் ‘லோஹ்ரி’ வருகின்றது. மார்கழியின் இறுதி நாளில் தமிழர் போகித் தீ மூட்டுகின்றனர் அல்லவா? அதே நாளின் இரவில் பஞ்சாபியர் வீட்டு முற்றத்தில் நெருப்பு வளர்த்து, எள், வெல்லம், சோளப் பொரி ஆகியவற்றை அதிலிட்டு வலம் வருவர். மணமகள் புதிதாக வந்த வீட்டிலும், மகவு பிறந்த வீட்டிலும் முதல் லோஹ்ரிக்குத் தனிச் சிறப்பு உண்டு. அன்றிரவு கரும்புச் சாற்றில் அரிசியிட்டுச் சமைத்த இனிப்பை மறுநாள் மாக் மாதப் பிறப்பன்று உண்பர். பொங்கல் நாளின் கரும்பும் புத்தரிசியும் அங்கே வேறோர் உருவில் நிற்கின்றன எனலாம். லோஹ்ரிப் பாடலில் போற்றப்படும் துல்லா பட்டி என்பவர் அக்பர் காலத்தில் அரசை எதிர்த்து நின்ற முஸ்லிம் வீரர். ஏழை இந்துப் பெண்களைக் காத்து, தந்தையின் இடத்தில் நின்று மணம் முடித்து வைத்தவர் என்று மக்கள் அவரை நினைவுகூர்கின்றனர்.

வைசாகி கோதுமை அறுவடையின் திருநாள். 1699ஆம் ஆண்டு இந்நாளில் குரு கோவிந்த சிங் கால்சாவை நிறுவியதால் சீக்கியர்க்கு அது தனிப்பெரும் நாளாயிற்று. இந்துக்களுக்கோ அது புனித நீராடும் நாள். பஞ்சாபிலிருந்து ஹரித்துவாரத்திற்கு மக்கள் திரண்டு செல்வர். குரு கும்ப இராசியிலும் கதிரவன் மேட இராசியிலும் நிற்கும்போது அங்குக் கும்பமேளா நடைபெறுதலின், அதன் முதன்மையான நீராடலும் வைசாகி நாளிலேயே அமைகின்றது.

நோன்புகளின் கதை வேறு. அவை திங்களைச் சார்ந்தவை, வீட்டைச் சார்ந்தவை, பெண்களின் கையில் இருந்தவை. கொளுத்தும் கோடையில், ஜேட் மாத வளர்பிறைப் பதினோராம் நாள், நீரும் அருந்தாமல் இருக்கும் ‘நிர்ஜலா ஏகாதசி’ வருகின்றது. தாம் நீர் அருந்தாத அந்நாளில் பிறர்க்கு நீர்க்குடமும் கைவிசிறியும் தானம் செய்வர். பாதோன் மாதத் தேய்பிறை நவமியில் நாகங்களின் தலைவராகக் கருதப்படும் குகா வழிபாடு நிகழும்.

கத்தக் மாதத் தேய்பிறைச் சதுர்த்தியில் சுமங்கலிகள் கணவரின் நீண்ட ஆயுள் வேண்டி இருக்கும் ‘கர்வா சௌத்’ நோன்பைப் பலரும் அறிவர். 1995இல் வெளிவந்த ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ என்னும் இந்தித் திரைப்படத்தின் வாயிலாக அறிந்தோரே மிகுதி என்றாலும் தவறாகாது. திரையில் கணவனும் மனைவியும் மட்டுமே தோன்றுவர். வீட்டு மரபிலோ அது மாமியாருக்கும் மருமகளுக்கும் உரிய நாள். விடியுமுன் உண்ண வேண்டிய ‘சர்கி’ என்னும் உணவை மாமியார் மருமகளுக்கு அளிப்பார். மாலையில் மருமகள் மாமியாருக்குக் காணிக்கை தந்து அடி பணிவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வட்டமாக அமர்ந்து, தட்டுகளை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு ஏழு முறை மாற்றி, வீராவதி என்னும் அரசியின் கதையைக் கேட்பர். தங்கை பசியால் வாடுவது பொறாத உடன்பிறந்தோர் மரத்தின் பின்னே ஒளியைக் காட்டி நிலவு எழுந்ததென நம்பவைக்க, அவளும் உண்டு நோன்பை முறித்துத் துன்புற்றாள் என்பது அக்கதை. நிலவைச் சல்லடை வழியே கண்டு, நீர் வார்த்த பின்னரே அவர்கள் உண்பர். தமிழகத்தில் விநாயகப் பெருமானுக்கு உரிய சங்கடஹர சதுர்த்தியும் இதே தேய்பிறைச் சதுர்த்தி. அங்கும் நிலவைக் கண்ட பின்னரே உண்ணுதல் மரபு. நான்கு நாள் கழித்து அட்டமியில் தாய்மார் மக்கள் நலம் வேண்டி ‘அஹோயி’ நோன்பு இருந்து, விண்மீன் தோன்றிய பின் உண்பர்.

நவராத்திரியில் சிறிய மண்பாண்டத்தில் வாற்கோதுமை விதைத்து முளைக்கச் செய்வர். அதனைக் ‘கேத்ரி’ என்பர். மாரியம்மன் கோயில்களில் முளைப்பாரி கண்டவர்க்கு இது புதிதன்று. எட்டாம் அல்லது ஒன்பதாம் நாள் சிறுமியரை அம்பிகையாகக் கருதி, அவர்தம் பாதம் கழுவி, பூரியும் கொண்டைக்கடலையும் அல்வாவும் படைப்பர். நோன்பு நாள்களில் கோதுமையும் அரிசியும் விலக்கு. நீர்ச்சிங்காடா மாவு போன்றவையே உணவு. கடல் உப்பும் ஆகாது. மலையில் வெட்டியெடுத்த இந்துப்பை மட்டுமே சேர்ப்பர். வடமொழியில் அதற்குச் ‘சைந்தவம்’ என்று பெயர். சிந்து நாட்டினது என்பது பொருள்.

இவ்வாறு வழங்கிய நாட்காட்டியின் மீது 1947ஆம் ஆண்டு பேரிடி விழுந்தது. அது விக்கிரம ஆண்டு 2004. ஆகஸ்டு 15 அன்று சாவன் மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. சாவன் என்பது மணமான பெண்கள் பிறந்தகம் சென்று, மரக்கிளையில் ஊஞ்சல் கட்டி ஆடும் மாதம். ஆடியில் புதுமணப் பெண் தாய்வீடு செல்லும் வழக்கம் தமிழரிடமும் உண்டு. அந்த ஆண்டோ எல்லை கிழிக்கப்பட்டு, இரு புறமுமாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்து இடம்பெயர்ந்தனர். லாகூர், ராவல்பிண்டி, முல்தான் முதலிய ஊர்களின் இந்துக்கள் டில்லி, அமிர்தசரஸ், லூதியானா, ஜலந்தர் எனப் பல ஊர்களில் தஞ்சம் புகுந்தனர்.

கோயிலும் குளமும் ஆறும் பின்னே நின்றுவிட்டன. இடத்தை நம்பிய விழாக்கள் பெரிதும் அடிபட்டன. திதியையும் அடுப்பங்கரையையும் நம்பிய நோன்புகளோ, பெண்களுடன் எல்லை கடந்தன. மண்கெண்டிக்கும் சல்லடைக்கும் ஒரு பிடி வாற்கோதுமைக்கும் எவ்வூரிலும் பஞ்சமில்லை. டில்லியின் அகதிக் குடியிருப்புகளில் கர்வா சௌத் வட்டம் மீண்டும் கூடிற்று. கூடியவர் ஒரே தெருவினர் அல்லர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தோர்.

பின்னே நின்ற தலங்களுள் கட்டாஸ்ராஜ் முதன்மையானது. இன்று பாகிஸ்தானின் சக்வால் மாவட்டத்தில், உப்புமலைத் தொடரில் உள்ளது. சதிதேவியை இழந்த சிவபெருமான் சிந்திய கண்ணீர், ஒரு துளி இங்கும் மறு துளி ராஜஸ்தானத்துப் புஷ்கரத்திலும் குளமாயிற்று என்பது தலபுராணம். பிரிவினைக்குப் பின்னர் வழிபடுவோர் இன்றிப் பாழ்பட்டுக் கிடந்தது. 1974இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்கீழ் இந்தியப் பக்தர்கள் குழுக்களாக அங்குச் சென்று சிவராத்திரி வழிபாடு செய்து வந்தனர். 2005க்குப் பின் கோயில்களைச் செப்பனிடும் பணிகள் நடந்தன. அருகிலிருந்த சிமெண்டு ஆலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் திருக்குளம் வற்றியபோது, 2017இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றமே அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

கட்டாஸ் அமைந்துள்ள அதே மலைத்தொடரில்தான் கேவ்ரா உப்புச் சுரங்கமும் இருக்கின்றது. நவராத்திரி நோன்புச் சமையலில் பஞ்சாபிப் பெண்கள் சேர்க்கும் இந்துப்புக்குப் பெயர் பெற்ற இடம் அதுவே.