நினைவுமீட்புப் பயிற்சி

நினைவுமீட்புப் பயிற்சி என்பது, படித்ததைப் புத்தகம் பாராமல் நினைவிலிருந்து வருவித்து மனத்தில் நிலைநிறுத்தும் கற்றல் முறை. அறிவாற்றல் உளவியலில் இதன் பயன் ‘சோதனை விளைவு’ எனப்படும்.

வடிவங்கள்: பாராமல் எழுதுதல், தன்னைத்தானே வினவுதல், வினா அட்டை, மாதிரித் தேர்வு. விடையை உடனே சரிபார்ப்பது பிழை நிலைப்பதைத் தடுக்கும். பொருள் உணராமல் உருப்போடுதல் இதிலிருந்து வேறானது.

வரலாறு: அமெரிக்காவில் ஆர்தர் கேட்ஸ் 1917இல் பள்ளி மாணவரிடம் ஒப்பித்தலின் பயனை ஆராய்ந்தார். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி ஆகியோரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மீண்டும் படித்த மாணவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நினைவுமீட்டவர்கள் முந்தினர்.

முக்கியத்துவம்: 2013இல் ஜான் டன்லோஸ்கி குழுவினர் மதிப்பிட்ட 10 கற்றல் உத்திகளில், இதுவும் இடைவெளிவிட்டுப் படித்தலுமே உயர்பயன் தரம் பெற்றன. அடிக்கோடிடுதலும் மறுவாசிப்பும் குறைபயன் தரத்தில் வைக்கப்பட்டன.