கடைக்காரர் பெயரும் ஓவியர் பெயரும்

1970களின் தொடக்கத்தில், சிறுவனாக இருந்த நான், என் தந்தையாருடன் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டி ஒன்றுக்குச் செல்வது வழக்கம். தராசுக்கும் மூட்டைகளுக்கும் பின்னே, ஈரம் பூத்த சுவரில், வள்ளி தெய்வயானையுடன் முருகன் நின்ற நாட்காட்டி ஒன்று தொங்கும். பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் கடந்து போகும் ஊரில் அப்படம் இருப்பதில் வியப்பில்லை. வியப்பெல்லாம் வேறு. அந்நாட்காட்டியின் ஆண்டு என்றோ முடிந்துவிட்டிருந்தது. தாள்கள் கிழிந்து தீர்ந்த பின்னும் படத்தை எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை; முதலாளி காலையில் ஊதுவத்தி காட்டுவதும் அதற்கே. படத்தின் அடியில் சிவப்பு எழுத்தில் துணிக்கடை ஒன்றின் பெயர் இருந்தது. அக்கடைக்காரர் கொடுத்தது ஒரு விளம்பரம். மண்டிக்காரர் பெற்றுக்கொண்டதோ ஒரு தெய்வப்படம்.

இத்தகைய விளம்பரத்தை ஆக்கியவர் யார் என்பதே இன்று நாம் காணவிருக்கும் வரலாறு.

விளம்பர நிலையங்களில் கலை இயக்குநர் என்று ஒரு பதவி உண்டு. படம் எங்கே அமைவது, எழுத்து எங்கே நிற்பது, பார்ப்பவர் கண் முதலில் எதன்மேல் விழவேண்டும் என்பவற்றை முடிவு செய்பவர் அவர். பின்னாளில் திரைப்பட மேதையாக விளங்கிய சத்யஜித் ராய், 1943ஆம் ஆண்டு கல்கத்தாவில் டி. ஜே. கீமர் என்னும் ஆங்கிலேய விளம்பர நிலையத்தில் ஓவியராகச் சேர்ந்து, அப்பதவிக்கு உயர்ந்தவர். ஏறத்தாழ அதே காலத்தில் நம் கரிசல் பூமியில், பதவிப் பெயர் ஏதும் இன்றி, அதே பணியைச் செய்து வந்தார் ஒருவர். அவர்தாம் கோவில்பட்டி சி. கொண்டையராஜு.

1898ஆம் ஆண்டு பிறந்த கொண்டையராஜு, சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்றவர். சில காலம் திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் வாழ்ந்தார். பிறகு நாடகக் குழுவொன்றில் திரைச்சீலை தீட்டும் பணியை மேற்கொண்டார். அக்குழு கோவில்பட்டியில் கலைந்தபோது அவர் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். மாணவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு தேவி ஆர்ட் ஸ்டுடியோ என்னும் கூடத்தை நடத்தினார். டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலியோர் அவரிடம் வளர்ந்தவர்கள். நாடகம் கலைந்திராவிட்டால் நாட்காட்டி ஓவியத்தின் போக்கே வேறாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் படங்களில் பின்னால் விரியும் மலையும் பொய்கையும் மாளிகைத் தூண்களும் நாடகத் திரையின் நினைவை ஊட்டுவன. தெய்வமோ மேடையின் முன்புறம் வந்து நின்று நம்மை நேரே நோக்கும்.

கோவில்பட்டிக்கு அண்மையில் இருக்கும் சிவகாசியை யாவரும் அறிவர். அவ்வூரினரான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். மழை குறைந்த அவ்வட்டாரத்தில் அது கைத்தொழிலாகவே வேரூன்றியது. வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் பெட்டி மடித்தனர், படச்சீட்டு ஒட்டினர். எழுத்தறியாத வாடிக்கையாளர் பெட்டியைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. அணில் என்றோ பூனை என்றோ படத்தைச் சொல்லியே கேட்பார். எனவே சீட்டு அச்சிட அச்சகங்கள் எழுந்தன. தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு, பட்டாசுக்குப் பின் நாட்காட்டி என அவ்வச்சுத் தொழில் பெருகியது. வறண்ட காற்று வெடிமருந்துக்கு மட்டுமன்று, காகிதத்துக்கும் நல்லது. ஈரத்தில் காகிதம் விரியும். விரிந்தால் ஒரு நிறத்தின் மேல் மறுநிறம் சரியாகப் படியாது.

தொடக்கத்தில் அச்சு கல்லச்சாகவே இருந்தது. செருமனி நாட்டுச் செனபெல்டர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட முறை அது. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. கொழுப்பு மையால் கல்லில் வரைந்து, கல்லை நீரால் நனைத்தால், அச்சு மை வரைந்த இடத்தில் மட்டும் பற்றும். நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். மூல ஓவியத்தில் எத்துணை நிறம் உண்டோ, அவற்றைக் கண்ணாலேயே பிரித்து, புள்ளி புள்ளியாகக் கல்லில் இட்ட கைவினைஞர் பலர். அவர்கள் பெயர் எவ்விடத்தும் இல்லை. பின்னர் புகைப்படக் கருவியும் ஆப்செட் பொறியும் அவ்வேலையை ஏற்றன.

நாட்காட்டிப் படத்துக்கென ஓர் இலக்கணம் உண்டு. அடியில் கடைக்காரர் பெயருக்கு வெற்றிடம் விடவேண்டும். மளிகைக் கடைக்கும் நகைக் கடைக்கும் ஒரே படம் பொருந்தவேண்டும். பத்தடி தொலைவிலிருந்து பார்த்தாலும் இன்ன தெய்வம் எனத் தெரியவேண்டும். புதிய ஆண்டுக்குரிய மாதிரித் தொகுப்பை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது சிவகாசி வழக்கம். வணிகர் படத்தைத் தெரிந்தெடுத்துத் தம் பெயரை அச்சிட்டுத் தருவர். பிற விளம்பரங்கள் பொருளைப் புகழும். இதுவோ பொருளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் வீட்டின் நடுவே நிற்கிறது.

இனி என் குறையொன்றையும் சொல்ல வேண்டும். நான் ஆசிரியனாய் இருந்த காலத்தில், ஓவியத்தில் நாட்டமுடைய மாணவன் ஒருவன், "அய்யா, சிவகாசிக்குப் போய்ப் படம் போடும் வேலை கற்றுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டான். "சீட்டுப் படமும் காலண்டர் படமும் கலையாகுமா, தம்பி? கணக்கைப் படி" என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் பழைய முருகன் படமொன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தான். மூலையில் இருந்த சிற்றெழுத்தை விரலால் காட்டினான். சி. கொண்டையராஜு என்றிருந்தது. அத்தகைய படங்களைப் பிள்ளைப் பருவம் முதல் பார்த்தவன் நான். கடைக்காரர் பெயரை நூறு முறை படித்தவன். மூலையை ஒருமுறையும் நோக்கியதில்லை. 1976இல் அந்த ஓவியர் மறைந்து ஆண்டுகள் பல சென்றிருந்தன.

மாணவன் என் சொற்படியே கணக்குப் படித்து, மண்டியொன்றில் கணக்கரானான். அண்மையில் அங்கே சென்றிருந்தேன். வெளியூர் செல்லும் மூட்டைகளின் மேல் தூரிகையால் ஊர்ப்பெயர் எழுதிக்கொண்டிருந்தார் அவர். அவ்வேலைக்கு ஆள் உண்டு. ஆயினும் அதைப் பிறரிடம் விடுவதில்லையாம்.