வலியசாலையும் வண்டியோட்டியும்

நாம் குடியிருக்கும் இவ்வலியசாலைக்குப் பெயர் தந்தது வண்டி ஓடும் சாலையன்று, கல்விச்சாலையே என்பர். சோழ வேந்தரின் மெய்க்கீர்த்திகளில் பேசப்பெறும் காந்தளூர்ச் சாலை இங்குள்ள மகாதேவர் கோயிலைச் சார்ந்திருந்தது என்பது அறிஞர் பலர் கொள்கை. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்கள் பயிலச் சாலையொன்று நிறுவியபோது, காந்தளூர் முறையையே முன்மாதிரியாகக் கொண்டான். அம்மாணவர் படைக்கலத்துடன் அவைக்கு வரலாகாது என்று செப்பேடு விதிக்கிறது. ஏட்டோடு படைக்கலமும் பயின்றனர் போலும்! உடலின் திறனை அக்காலத்தில் ஆசானின் கண்ணே அளந்தது. கண்ணுக்கு எட்டாததைக் கருவி கொண்டு அளக்கும் முயற்சி மிகவும் பிற்பட்டது. அதன் வரலாற்றில் நம் ஊர்ப் பேருந்துக்கும் ஒரு சிறு உறவு உண்டு.

1937இல் திருவிதாங்கூர் அரசு, லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய இ. ஜி. சால்ட்டர் என்பவரை வரவழைத்துப் புதிய போக்குவரத்துத் துறைக்குத் தலைவராக்கிற்று. 1938 பிப்ரவரி 20ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா அச்சேவையைத் தொடங்கி வைத்தார். மன்னரை ஏற்றிக்கொண்டு கவடியாறு வரை சென்ற முதற்பேருந்தை ஓட்டியவர் சால்ட்டரே. துறைத்தலைவரே சாரதியான காட்சி அது.

ஓட்டுநரை ஆராயும் எண்ணம் அதற்கும் முந்தியது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹ்யூகோ முன்ஸ்டர்பர்க், டிராம் ஓட்டுநருக்கென ஒரு சிறு கருவி அமைத்து, அதனை 1913இல் வெளிவந்த தம் நூலில் விவரித்தார். ஓட்டுநர் கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற எண்கள் எழுதிய அட்டை கண்முன் நகரும். அவ்வெண்களே நடப்பவரும் குதிரையும் மோட்டாரும். தண்டவாளத்தின் குறுக்கே வரக்கூடியவை எவை என்று அவர் உடனுக்குடன் சொல்ல வேண்டும்.

ஆயினும் நம் உள்ளத்தை அதிகம் கவர்வது, சால்ட்டர் விட்டு வந்த அதே லண்டன் பேருந்துகளில் நடந்த ஆராய்ச்சியே. ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரின் நோய்க்கணக்கை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டனர். அவ்வூரின் இரண்டடுக்குப் பேருந்தில் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநரோ மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே வண்டி, ஒரே வீதி. எனினும் மாரடைப்பு நடத்துநரிடையே குறைவாகவும், வந்தாலும் கடுமை குன்றியும் காணப்பட்டது. இம்முடிவை உடனே நம்பிவிடாமல், அக்குழுவினர் சீருடைக் கணக்கையும் புரட்டினர். 1956இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, ஓட்டுநரின் காற்சட்டை இடுப்பளவு இளவயதிலேயே நடத்துநரின் அளவினும் பெரிது! ஆகவே பருத்த உடலினரே ஓட்டுநர் வேலைக்குச் சென்றிருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. தையற்காரரின் அளவுநாடா விஞ்ஞானக் கருவியான கதை இது. தம் முடிவுக்குத் தாமே தடை எழுப்பிப் பார்த்த அந்நேர்மை நமக்கு மிகவும் பிடித்தது.

விளையாட்டில் அளவு இன்னும் நுண்ணியது. 1984 ஆகஸ்டு 8ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தைப் பய்யோளியின் பி. டி. உஷா 55.42 விநாடியில் முடித்தார்; ருமேனியாவின் கொஜோக்காரு முடித்தது 55.41 விநாடியில். உஷாவின் சராசரி வேகத்தில் கணக்கிட்டால் அவ்விடைவெளி ஏறத்தாழ 7 சென்டிமீட்டர், அதாவது நான்கு விரற்கடை. அதனைப் பிரித்தறிந்து வெண்கலத்தை மற்றவருக்கு வழங்கியது நிழற்படக் கருவி. மறு ஆண்டு, 1985இல், நம் நகரை அடுத்த காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி தோன்றிற்று. ஓடுபவரின் மூச்சையும் நாடியையும் கருவிகொண்டு அறிவது இன்று உடற்கல்வியின் ஒரு பகுதி.

ஓடுகளத்தில் விநாடியின் நூற்றிலொரு கூறு பதக்கத்தைப் பறிக்கும்; வீதியில் ஒரு முழு விநாடி உயிரையே பறிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லும் பேருந்து ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. குறுக்கே ஓடும் குழந்தையைக் கண்ட ஓட்டுநரின் கால் தடுப்புமிதியைச் சேர்வதற்குள் அவ்வளவு தொலைவு கழிந்துவிடலாம். உறக்கம் கெட்டவருக்கோ இன்னும் மிகுதி. இவ்வகைச் சாலை ஆபத்துகளை ஆராயும் நாட்பாக் நிறுவனம் 1976 முதல் நம் நகரிலேயே உள்ளது. மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் 1961லேயே நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி எனப் பொதுவான வேலை வரம்பு வகுத்தது. 2023 ஜூன் முதல் கேரள வீதிகளில் செயற்கை அறிவுக் கேமராக்கள் தலைக்கவசமும் இருக்கைப்பட்டியும் அணியாதோரைப் படம்பிடித்து அபராதத்திற்கு வழிசெய்கின்றன. வேண்டியதே, ஆனால் முந்தைய இரவு அவ்வோட்டுநர் எத்தனை மணி உறங்கினார் என்பது அப்படத்தில் விழுவதில்லை.

தம்பானூர் நிலையத்தில் நாகர்கோவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும் ஓட்டுநர், இடுப்பில் இரு கைகளையும் ஊன்றிச் சற்றே பின்சாய்ந்து நிற்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அருகிலுள்ள கடையில் தேநீர் வாங்குவார். அது ஆறுவதற்குள் புறப்படும் நேரம் வந்துவிடும். மீண்டும் ஏறி அமர்வார்.