கரண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி கேட்கிற கேள்வி

ஷிப்மெண்ட் நெருக்கடியில கம்பெனியே கதின்னு கிடந்ததால ரொம்ப நாளா பதிவு போடலை. இன்னிக்குக் கொஞ்சம் சீரியஸ் மேட்டர்.

எங்க வீதியில ஒரு அக்கா, ஓவர்லாக் டெய்லர். மூணு வாரமா சோறு தண்ணி எடுக்காம, பேச்சு மூச்சில்லாம சுருண்டு படுத்துட்டாங்க. டாக்டர் ஷாக் ட்ரீட்மெண்ட்டுன்னு சொன்னதும் வீட்ல ஒரே அழுகை. "கரண்ட் வெச்சா மூளை போயிரும்"னு ஆளாளுக்குச் சொன்னாங்க. எல்லாம் சினிமா கொடுத்த பயம். எனக்கும் இருந்துச்சு. அதான் இதோட வரலாற்றைத் தேடிப் படிச்சேன்.

1934-ல் புடாபெஸ்ட்டில் மெதூனா என்ற மருத்துவர், வலிப்பு வந்தால் மனநோய் தணியும் என்று நம்பி, கற்பூர ஊசி போட்டு வலிப்பை வரவழைத்தார். 1938-ல் ரோமில் செர்லெட்டியும் பினியும் அதையே மின்சாரத்தால் செய்தார்கள். ஆக, வைத்தியம் கரண்ட்ல இல்லீங்க, அது கிளப்பிவிடுற வலிப்புலதான்.

அந்த வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு நொறுங்கியது, தோள்மூட்டு நழுவியது. 1940-ல் அமெரிக்காவின் பென்னெட், குராரே கொடுத்துத் தசைகளைத் தளர்த்தினார். 1950-களின் தொடக்கத்தில் சில நிமிஷத்திலேயே விட்டுப்போகிற சக்சினைல்கோலின் வந்தது. மயக்க மருந்தோடு சேர்த்து இன்னிக்கும் பெரும்பாலும் இதுதான்.

நம்ம நாட்டுல பல இடங்கள்ல, மயக்க டாக்டர் இல்லை, காசு இல்லைன்னு அப்புறமும் நேரடியாவே கரண்ட் வெச்சாங்க. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடித் தீயில் 28 மனநோயாளிகள், சங்கிலியில கட்டிக் கிடந்தவங்க, இறந்துபோனாங்க. நாடே அதிர்ந்துச்சு. அதே வருஷம் சார்தக் என்ற அமைப்பு, மயக்கமில்லாத ஷாக்கையும் எதிர்த்து உச்சநீதிமன்றம் போனது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவுதான் அதைத் தடை செய்தது. மருந்து வந்து அறுபது வருஷத்துக்கு மேல கழிச்சு!

அப்ப இப்ப ஆபத்தே இல்லையா? இருக்கு. கரண்ட் வெச்சதும் இதயத் துடிப்பு சில நொடி குறையும், நின்னும் போகலாம். வலிப்பு வரும்போது துடிப்பும் பிரஷரும் எகிறும். மண்டைக்குள்ள அழுத்தமும் ஏறும். சமீபத்துல மாரடைப்பு வந்தவங்க, மூளையில கட்டி இருக்கிறவங்க விஷயத்துல ரொம்ப யோசிக்கணும். ஞாபக மறதியும் வரும், சிலருக்குப் பழைய நினைவுகள் திரும்பாமலே போறதும் உண்டு. ஆனா மரணம் 1 லட்சம் தடவைக்குச் சுமார் 2-தான்.

நம்ம ஊருப் பக்கம் கவனிக்க வேண்டியது பூச்சிமருந்து. ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து, சக்சினைல்கோலினை உடைக்கிற ரத்த என்சைமை வாரக்கணக்கில் முடக்கிவிடும். சில நிமிஷத்துல விடவேண்டியது மணிக்கணக்கா விடாது. மூச்சுவிடுற தசையும் அசையாது. வாரக்கணக்கா அசையாமப் படுத்தவங்களுக்கு இன்னொரு சிக்கல்: அதே மருந்தால பொட்டாசியம் எகிறி இதயமே நிக்கலாம். தெரிஞ்சா டாக்டர் வேற மருந்து கொடுப்பார். தெரிஞ்சாத்தானே?

அக்கா போன மாசம் பூச்சிமருந்து குடிச்சு, வெளியூர் ஆஸ்பத்திரியில பொழச்சு வந்தவங்க. போலீஸ் கேஸ் ஆயிரும், பொண்ணுக்கு வரன் அமையாதுன்னு வீட்ல மறைச்சுட்டாங்க. டாக்டர் மூணாவது தடவை கேட்டப்பதான் அவங்கம்மா உடைஞ்சு அழுது சொன்னாங்க. ரத்தம் எடுத்துப் பார்த்து, மருந்தை மாத்தி, அப்புறம்தான் ஆரம்பிச்சாங்க. இப்ப அக்கா பழையபடி மெஷின்ல உக்காந்துட்டாங்க. வாங்கின சீட்டுப் பணம் எவ்வளவுன்னு மட்டும் மறந்துபோச்சாம், சிரிக்கிறாங்க.

அதே 2017 சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. அதனால பயந்து மறைக்காதீங்க. கரண்டைவிட நம்ம மௌனம்தாங்க ஆபத்து.

பி.கு: மனசு ரொம்பப் பாரமா இருந்தா 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம்.