செயின்ட் லூயிஸ் அரங்கமும் ராம்ஸ் அணியின் இடப்பெயர்வும்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்துள்ள நகரம் செயின்ட் லூயிஸ். கால்பந்து அணி ஒன்றைத் தன் ஊருக்கு வரவழைப்பதற்காக இந்நகரம் 1990களின் தொடக்கத்தில் பொதுமக்கள் வரிப்பணத்தில் பெரிய அரங்கம் ஒன்றைக் கட்டியது. ராம்ஸ் என்ற அணி 1995இல் வந்தது, 21 பருவங்கள் ஆடியது, 2016 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலசுக்குப் போய்விட்டது. அணி போன பிறகும் அரங்கக் கடனுக்கான தவணை ஆண்டுதோறும் கட்டப்பட்டு வந்தது. அந்த அரங்கத்தின் வரவு செலவையும், அதற்குப் பின்னால் இருந்த ஒப்பந்தத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இங்கே கால்பந்து என்பது நாம் பள்ளி மைதானத்தில் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அதன் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் அமைப்பு தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு என்எஃப்எல் என அழைப்பர்.

அணி உரிமையாளரின் கணக்கு

என்எஃப்எல்லில் இன்று 32 அணிகள் உள்ளன. புதிய அணியைச் சேர்ப்பதா, இருக்கும் அணி ஊர் மாறலாமா என்பதையெல்லாம் அணி உரிமையாளர்களே வாக்களித்து முடிவு செய்கின்றனர். ஊர் மாற நான்கில் மூன்று பங்கு வாக்குகள் வேண்டும். அணி வேண்டும் என்று விரும்பும் நகரங்கள் அணிகளை விட எப்போதும் அதிகம். பொருள் குறைவு, வாங்க நிற்பவர் அதிகம். இந்தப் பற்றாக்குறைதான் உரிமையாளர்களின் பலம்.

தொலைக்காட்சி உரிமத்தால் வரும் பெருந்தொகையை எல்லா அணிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. 1961இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் இதற்கு வழி செய்தது. நுழைவுச்சீட்டு வருவாயிலும் ஒரு பகுதி மற்ற அணிகளுக்குப் போகிறது. ஆனால் கண்ணாடி போட்ட சொகுசு அறைகளின் வாடகை, அரங்கப் பெயரை நிறுவனங்களுக்கு விற்பது போன்ற சில வருவாய்களை அணி தானே வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஓர் உரிமையாளர் மற்றவரை விடக் கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டுமானால் அவருக்குப் புதிய, சொகுசு அறைகள் நிறைந்த அரங்கம் வேண்டும். அதைத் தன் பணத்தில் கட்டுவதை விட ஊரார் பணத்தில் கட்டிக்கொள்வது லாபம். இல்லையென்றால் வேறு ஊருக்குப் போவோம் என்று சொன்னால் போதும்.

இது வெற்று மிரட்டல் அன்று என்பதற்குச் சில சான்றுகள் உண்டு. ஓக்லண்ட் நகரின் ரெய்டர்ஸ் அணி 1982இல் கூட்டமைப்பின் எதிர்ப்பை மீறி லாஸ் ஏஞ்சலசுக்குச் சென்றது. தடுப்பது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. 1984 மார்ச் மாத இறுதியில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி இரவோடு இரவாகக் கிளம்பியது. அணியைப் பொதுநல நோக்கில் கையகப்படுத்த மேரிலாந்து மாநிலம் சட்டம் கொண்டுவர முனைந்த வேளையில், உரிமையாளர் ராபர்ட் இர்சே பதினைந்து அளவிலான சரக்கு லாரிகளில் அணியின் உடைமைகளை ஏற்றி இண்டியானாபொலிசுக்கு அனுப்பிவிட்டார். அங்கே கூரை போட்ட புதிய அரங்கம் ஆயத்தமாக இருந்தது.

கிளீவ்லாந்து நகரத்தின் கதை இன்னும் கசப்பானது. பிரவுன்ஸ் அணி பால்டிமோருக்குப் போகிறது என உரிமையாளர் ஆர்ட் மாடெல் 1995 நவம்பர் 6 அன்று அறிவித்தார். பழைய அரங்கத்தைப் புதுப்பிக்க வரியை நீட்டிக்கலாமா என்ற வாக்கெடுப்பு மறுநாள் நடக்க இருந்தது. மக்கள் பெருவாரியாக ஆம் என்றே வாக்களித்தார்கள். பயன் இல்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன் அணியைப் பறிகொடுத்து அழுத பால்டிமோர்தான் இப்போது பறித்துக்கொண்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அணி வருமுன் அரங்கம்

செயின்ட் லூயிசும் அடிபட்ட ஊர்தான். அங்கே ஆடிய கார்டினல்ஸ் என்ற கால்பந்து அணி 1988இல் அரிசோனாவின் பீனிக்சுக்குப் போய்விட்டது. அந்த அணியும் புதிய அரங்கம் கேட்டிருந்தது.

வேறு அணியைப் பிடிக்க வேண்டும் என்று மாநிலமும் நகரமும் செயின்ட் லூயிஸ் கவுன்ட்டியும் சேர்ந்து முடிவு செய்தன. 1991இல் ஏறத்தாழ 26 கோடி டாலருக்குக் கடன்பத்திரங்கள் வெளியிடப்பட்டன. 1992இல் கட்டுமானம் தொடங்கியது. அப்போது கையில் அணி எதுவும் இல்லை. மாப்பிள்ளை பார்க்குமுன் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியது போலத்தான். 1993இல் கூட்டமைப்பு இரண்டு புதிய அணிகளை உருவாக்கியபோது அவை கரோலினாவுக்கும் ஜாக்சன்வில்லுக்கும் போயின. பாதி எழும்பிய அரங்கத்துடன் செயின்ட் லூயிஸ் நின்றது.

கடனை அடைக்கும் ஏற்பாடு இது: மாநிலம் ஆண்டுக்கு 1.2 கோடி டாலர், நகரம் 60 லட்சம், கவுன்ட்டி 60 லட்சம். பராமரிப்பையும் சேர்த்து மொத்தம் ஆண்டுக்கு 2.4 கோடி டாலர். முப்பது ஆண்டுகளுக்குப் பெருக்கிப் பார்த்தால் 72 கோடி. வகுப்பில் வட்டிக் கணக்கு நடத்திய எனக்கு இத்தகைய பெருக்கலை ஒருமுறையாவது செய்து பார்க்காமல் இருக்க முடிவதில்லை. தவணைத் தொகையைச் சிறிதாகக் காட்டினால் கடன் சிறிதாகத் தெரியும்.

இந்த நிலையில்தான் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் உரிமையாளர் ஜார்ஜியா ஃபிரான்டியேருடன் பேச்சு நடந்தது. அவர் செயின்ட் லூயிசில் பிறந்தவர். கூட்டமைப்பு முதலில் மறுத்தது. வழக்குத் தொடுப்போம் என்று மிசூரி தரப்பு எச்சரித்தது. இடமாற்றக் கட்டணம் 2.9 கோடி டாலர் கட்ட அணி இணங்கிய பின் 1995 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. நுழைவுச்சீட்டு வாங்கும் உரிமைக்கே தனியாகப் பணம் வாங்கும் ‘இருக்கை உரிமம்’ என்ற முறையில் ரசிகர்களிடமும் பெருந்தொகை திரட்டப்பட்டது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

அணி வேறு எங்கும் போகலாம், அரங்கம் இங்கேயே நிற்கும் என்ற நிலையில் எழுதப்பட்ட முப்பது ஆண்டுக் குத்தகை அது. அரங்கம் பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் என்எஃப்எல் அரங்கங்களுள் முதல் கால்பகுதித் தரத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் அணி குத்தகையை முறித்துக்கொள்ளலாம். இதுதான் அதிலிருந்த நிபந்தனை.

இந்த வரியை மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். எட்டு அரங்கங்களுள் ஒன்றாக இருந்தால்தான் முதல் கால்பகுதி. மற்ற ஊர்கள் ஆண்டுதோறும் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும்போது இருபது ஆண்டுப் பழைய கட்டடம் எப்படி முன்வரிசையில் நிற்கும்? அதாவது கட்டிய கடன் தீருமுன்பே இன்னொரு அரங்கத்துக்கு நிகரான தொகையைச் செலவிட நகரம் அறியாமலே ஒப்புக்கொண்டுவிட்டது. முப்பது ஆண்டுக் குத்தகை என்று பெயர். உண்மையில் அது பத்தாண்டுக் குத்தகைதான். தெரிந்தே கையெழுத்திட்டார்கள் என்று சொல்வோரும் உண்டு. காலியான அரங்கத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசியவர்களால் வேறென்ன செய்திருக்க முடியும் என்பதும் நியாயமான கேள்வியே.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஒரு காலத்தில் மளிகைக் கடையில் பொருள் அடுக்கும் வேலை பார்த்த கர்ட் வார்னர், 2000 ஜனவரியில் ராம்ஸ் அணிக்கு சூப்பர் பவுல் கோப்பையை வென்று தந்தார். ஊர் கொண்டாடியது. 2005இல் முதல் தரச் சோதனையில் அரங்கம் தேறவில்லை. சில மேம்பாடுகளைப் பெற்றுக்கொண்டு அணி விட்டுக்கொடுத்தது.

2008இல் ஃபிரான்டியேர் காலமானார். 2010இல் அணி முழுவதும் ஸ்டான் குரோன்கியின் கைக்கு வந்தது. இங்கிலாந்தின் ஆர்சனல் கால்பந்துக் கழகத்தின் உரிமையாளராக இவரை நம் வாசகர்கள் அறிந்திருப்பர். மிசூரியில் பிறந்தவர். செயின்ட் லூயிசின் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர்கள் ஈனஸ் ஸ்லாட்டர், ஸ்டான் மியூசியல் இருவரின் பெயர்களையும் சேர்த்து அவருக்கு ஈனஸ் ஸ்டான்லி என்று பெயரிட்டிருந்தார்கள்.

இரண்டாம் தரச் சோதனை நெருங்கிய 2012இல், 12.4 கோடி டாலரில் அரங்கத்தை மேம்படுத்தலாம் என நகரத் தரப்பு கூறியது. அணி முன்வைத்த திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. 2013 பிப்ரவரியில் நடுவர் குழு அணியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்த வாசகம் அப்படி இருக்கும்போது வேறு தீர்ப்பு வந்திருக்காது. அரங்கம் கட்டிய செலவே ஏறத்தாழ 28 கோடிதான். அதைப் போல் இரண்டரை மடங்கைக் கொடுக்க நகரம் மறுத்தது. குத்தகை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் குத்தகையாக மாறியது. 2014இல் குரோன்கி லாஸ் ஏஞ்சலசை ஒட்டிய இங்கில்வுட்டில் 60 ஏக்கர் நிலம் வாங்கினார்.

நகரம் அதன் பிறகும் விடவில்லை. ஆற்றங்கரையில் சுமார் 100 கோடி டாலரில் புதிய அரங்கம் கட்டத் திட்டம் வகுத்தது. திட்டம் தீட்டுவதற்கே ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. விளையாட்டரங்கத்துக்குப் பொதுப்பணம் கொடுக்குமுன் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று 2002இல் நகர வாக்காளர்களே ஒரு சட்டம் நிறைவேற்றியிருந்தனர். 2015 ஆகஸ்டில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. டிசம்பரில் நகர மன்றம் நிதிக்கு ஒப்புதல் தந்தது. என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே வருத்தமான பகுதி இதுதான். அணி போனதை விட, கேட்காமலே கொடுக்கத் துணிந்தது பெரிய இழப்பு.

2016 ஜனவரி 12 அன்று ஹூஸ்டனில் உரிமையாளர்கள் கூடி 30க்கு 2 என்ற வாக்கில் ராம்ஸ் போக அனுமதித்தனர். இடமாற்றக் கட்டணம் 55 கோடி டாலர். அது மற்ற அணிகளின் உரிமையாளர்களுக்குப் போகும் பணம். விட்டுச் செல்லும் ஊருக்கு அதில் பங்கில்லை.

பொருளியலாளர்கள் சொல்வது

அரங்கம் வந்தால் வேலை வரும், வணிகம் பெருகும் என்ற வாதம் எல்லா ஊரிலும் சொல்லப்படுகிறது. ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் இருவரும் தொகுத்து 1997இல் வெளியான ஆய்வு நூல் இதைச் சோதித்தது. முதலீட்டுக்கு ஏற்ற பலனை எந்த அரங்கமும் தரவில்லை என்பது அதன் முடிவு. பின்னர் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே கூறுகின்றன. காரணம் எளிது. ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் பணம் ஓர் அளவுக்கு உட்பட்டது. அரங்கத்தில் செலவிட்ட பணம் அதே ஊரின் திரையரங்கிலோ உணவகத்திலோ செலவாகியிருக்கும். மேலும் அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பருவத்தில் சொந்த அரங்கில் நடப்பவை எட்டு, ஒன்பது ஆட்டங்களே. சம்பளத்தில் பெரும்பங்கு பெறும் வீரர்களுள் பலர் அந்த ஊரில் குடியிருப்பவர்களும் அல்லர்.

கூட்டரசுச் சட்டமும் அறியாமலே இதற்குத் துணை போயிற்று. நகராட்சிக் கடன்பத்திரங்களின் வட்டிக்கு வருமான வரி இல்லை. அதனால் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும். தனியார் அரங்கங்கள் இச்சலுகையை அனுபவிப்பதைத் தடுக்க 1986இல் வரிச் சட்டம் திருத்தப்பட்டது. அரங்க வருவாயிலிருந்து கடனில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அடைக்கப்பட்டால் சலுகை இல்லை என்றானது. நகரங்கள் என்ன செய்தன? சலுகையை இழக்காமல் இருக்க, அணியிடம் வாடகையைக் குறைத்துக்கொண்டு கடனைப் பொது வரியிலிருந்தே அடைத்தன. ஓட்டையை அடைக்கப் போட்ட ஆணி, சுவரையே பிளந்துவிட்டது. 1996இல் செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிகன் இதை மாற்ற முயன்றார், நிறைவேறவில்லை.

வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே என்ற சிற்றூரில், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழும் இடத்தில், பேக்கர்ஸ் அணி இன்றும் நிலைத்திருக்கிறது. 1923 முதல் அது பங்குதாரர்களான பொதுமக்களின் உடைமை. ஊர் மாற்றி லாபம் பார்க்க அங்கே தனி உரிமையாளர் இல்லை. அத்தகைய உடைமை முறையைப் புதிதாக எந்த அணியும் ஏற்கக் கூட்டமைப்பின் விதிகள் இப்போது இடம் தருவதில்லை.

வழக்கும் பணமும்

ரெய்டர்ஸ் வழக்கில் தோற்ற பின், 1984இல் கூட்டமைப்பு இடமாற்றத்துக்கான நெறிமுறைகளை எழுதி வைத்திருந்தது. சொந்த ஊரில் தொடர்ந்து ஆட அணி நேர்மையாக முயன்றிருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். அந்த நெறிமுறைகளை நம்பித்தான் பணம் செலவழித்தோம், அவற்றை நீங்களே மீறினீர்கள் என்று நகரமும் கவுன்ட்டியும் அரங்க ஆணையமும் 2017இல் வழக்குத் தொடுத்தன. அணி உரிமையாளர்கள் சிலர் தம் சொத்து விவரங்களைத் தாக்கல் செய்ய வேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது. 2022 ஜனவரியில் செயின்ட் லூயிசிலேயே விசாரணை நடக்க இருந்தது. 2021 நவம்பரில் 79 கோடி டாலர் தந்து கூட்டமைப்பும் குரோன்கியும் சமரசம் செய்துகொண்டனர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழக்கறிஞர் கட்டணமாகப் போயிற்று.

அடுத்த 2022 பிப்ரவரியில், இங்கில்வுட்டில் தனியார் பணத்தில் கட்டிய புதிய அரங்கில் ராம்ஸ் மீண்டும் சூப்பர் பவுல் வென்றது.

சமரசத் தொகையில் நகரத்தின் பங்கு ஏறத்தாழ 25 கோடி டாலர். அதை என்ன செய்வது என்று ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. 2025 மே 16 அன்று செயின்ட் லூயிசின் வடபகுதியைச் சூறாவளி தாக்கி ஆயிரக்கணக்கான வீடுகளைச் சிதைத்தது. பாதிக்கப்பட்டோர் உதவிக்காக அந்தத் தொகைக்குச் சேர்ந்திருந்த வட்டியிலிருந்து 3 கோடி டாலரை நகரம் ஒதுக்கியது.